முப்பத்தோராம் கட்டம்

மே 2, வெள்ளி

பதினொன்றரை மணிக்கு வந்து சேர்ந்தோம். சிறுமலை ஏற்றத்தில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவதில் தமயந்தி காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இருபத்தெட்டு நாள் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்தவன் நான். வாந்தி எடுத்தது அவள். இதைக் குறித்து வைக்கத் தோன்றியது.

தினமும் எழுத வேண்டும் என்பது மையத்தின் ஆலோசகர் சொன்னது. "ஒரு வரியா இருந்தாலும் பரவால்ல அம்பலவாணன் சார், உண்மையா எழுதுங்க." எழுதியதன் கீழே தினமும் கையெழுத்துப் போடுவேன் என்பது தமயந்தி சொன்னது. அவள் பெண்கள் பள்ளியில் வரலாறு எடுக்கிறாள். சிவப்புப் பேனாவைக் கையோடு கொண்டு வந்திருக்கிறாள்.

வீடு அவளுடைய தலைமையாசிரியை குடும்பத்துக்குச் சொந்தம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் காப்பித் தோட்டத்துக்காகக் கட்டியதாம். கருங்கல் சுவரின் கனம் இரண்டடி மூன்று அங்குலம், அளந்து பார்த்தேன். நான் தாலுகா அலுவலகத்தில் நில அளவையர். எதையும் அளக்காமல் இருக்க முடியாது. இப்போது மருத்துவ விடுப்பு.

சுற்றுச்சுவர் ஆள் உயரம். வாசலில் இரும்புக் கதவு. காட்டுமாடு வருகிறது என்பதால் எப்போதும் பூட்டி வைக்க வேண்டுமாம். சாவி தமயந்தியின் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது. என் கைப்பேசியும் அவளிடம். இருபத்து நான்காம் தேதி வரை இங்கேதான் விடுமுறை.

காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரை. அவள் என் உள்ளங்கையில் வைப்பாள். நான் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். இதைப் போடுகிற காலத்தில் குடித்தால் நெஞ்சடைத்துச் சாகவும் நேரும் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை உடம்பில் இருக்குமாம். நாள் முழுக்க, ஒரு ரூபாய்க் காசைச் சப்பின மாதிரி வாயில் ஒரு சுவை.

மே 3, சனி

மைத்துனன் கதிரேசன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மெட்டல் டிடெக்டரை இன்று பிரித்தேன். நீளக் கம்பின் முனையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வளையம். தரைக்கு மேலே துழாவிக்கொண்டே போக வேண்டும். இரும்பு என்றால் அடிக்குரலில் உறுமுகிறது. பித்தளை, செம்பு என்றால் மணி போல ஒலி. "கைக்கு வேல இருந்தா மனசு அலையாது மாமா" என்றான் கதிரேசன். அவன் குடித்ததில்லை. அதனால் அவனுக்கு எல்லாம் தெரியும்.

வளாகத்தைச் சுற்றி நடந்தேன். இருநூற்று அறுபது மீட்டர். பதினோரு முறை நடந்தேன்.

மே 4, ஞாயிறு

எண்பதுக்கு ஐம்பது மீட்டர் நிலத்தைச் சணல் கயிறு கட்டி நாற்பது கட்டங்களாகப் பிரித்தோம். ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து. தமயந்தி கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் இழு" என்றேன். இழுத்தாள். ஆபீசில் எனக்கு அளவுச் சங்கிலி பிடிக்கிற செயின்மேன்கூட இவ்வளவு நேராகப் பிடித்ததில்லை. மாத்திரை போட்டேன்.

மே 5, திங்கள்

முதல் கட்டம், சமையலறைக்குப் பின்புறம். கருவி ஓயாமல் கத்தியது. தோண்டத் தோண்ட வந்ததெல்லாம் பாட்டில் மூடிகள். விளிம்பு நெளிந்த தகர மூடிகள், இருபத்து மூன்று. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சின்னமாயன் அண்ணன், "சோடா மூடியாத்தான் இருக்கும் சார்" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். அவருக்கும் விஷயம் சொல்லப்பட்டிருக்கிறது.

தமயந்தி மூடிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு முடிச்சு போட்டாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. உண்மையாகவே எதுவும் தோன்றவில்லை.

மே 6, செவ்வாய்

ஒன்பதாம் கட்டத்தில் மணி போல ஒலி கேட்டது. நான்கு அங்குல ஆழத்தில் வட்டமான பித்தளை வில்லை கிடைத்தது. மேலே ஒரு துளை, நடுவில் 47 என்ற எண். புளி போட்டுத் தேய்த்ததும் பளிச்சென்று வந்தது.

சின்னமாயன் அண்ணன் அதை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "கூலி வில்லை சார் இது. காலைல கைல குடுப்பாக, பொழுதுசாயத் திருப்பிக் குடுத்தாத்தான் கூலி. எங்கப்பாரு நூத்திப்பன்னெண்டு."

"பேரு என்னண்ணே?" என்று தமயந்தி கேட்டாள்.

"யாரு பேரு?"

"அப்பா பேரு."

"மொக்கராசு. இங்க யாரும் அப்பிடிக் கூப்புட்டதில்ல டீச்சரம்மா. நூத்திப்பன்னெண்டுதான்."

அவள் ஒரு தாளில் இரண்டையும் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வில்லையின் பக்கத்தில் வைத்தாள். பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறாளாம். சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "நல்லாக் கண்டுபிடிச்சீங்க" என்றாள். அவள் என்னைப் பாராட்டி எவ்வளவு காலமாகிறது என்று யோசித்தேன். கணக்குக் கிடைக்கவில்லை.

தங்கம் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், சட்டம் அப்படி என்றேன். அவள் சிரித்தாள்.

மே 7, புதன்

காலையிலிருந்து மழை. கருவிக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டது.

"ஊருக்குள்ள போய் வாங்கிட்டு வர்றேன்" என்றேன்.

"அண்ணன் போயிட்டு வருவாரு."

"ரெண்டு கிலோமீட்டர்தான தமயந்தி. நடந்தா அரை மணி நேரம்."

"அண்ணன் போயிட்டு வருவாருன்னு சொல்றேன்ல."

"நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?"

அவள் ஜன்னல் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கழுத்துச் சங்கிலியைப் புடவைக்குள் தள்ளினாள். நான் வராந்தாவில் நடந்தேன். வராந்தா பதினான்கு மீட்டர். எத்தனை முறை நடந்தேன் என்று எழுதப் போவதில்லை.

இதற்குக் கீழே கையெழுத்துப் போடும்போது அவளும் ஏதாவது எழுதுவாள் என்று நினைத்தேன். கையெழுத்து மட்டும் இருந்தது.

மே 8, வியாழன்

31ஆம் கட்டம். பழைய குதிரை லாயத்துக்குப் பின்னால், பட்டர் ஃப்ரூட் மரத்தடி. பலத்த ஒலி. தோண்டினேன். துருப்பிடித்த தகரம். மூடிவிட்டேன்.

மே 9, வெள்ளி

மாத்திரை போட்டேன். வாயைத் திறந்து காட்டினேன். நாக்கையும் தூக்கிக் காட்டினேன்.

31ஆம் கட்டத்தில் பாம்புச் சட்டை கிடக்கிறது. பெரியது. அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று தமயந்தியிடமும் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

மே 11, ஞாயிறு

நல்ல நாள். மாத்திரை போட்டேன். 17, 18 கட்டங்கள். ஒரு குதிரை லாடம், ஆறு ஆணிகள், ஒரு பூட்டின் பாதி. மதியம் கீரைக்குழம்பு. இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். "மொகம் தெளிஞ்சிருக்கு உங்களுக்கு" என்றாள் தமயந்தி.

சாயங்காலம் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோது, மதுவிலக்கு வந்த காலத்தில் இந்தத் துரைமார்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று சும்மா கேட்டேன். வரலாற்று ஆர்வம்தான்.

"அவுகளுக்குப் பெர்மிட்டு உண்டு சார். ஆனா இங்கன ஒரு பட்லரு இருந்தாராம். போலீசு சோதனைக்கு வருதுன்னு கேள்விப்பட்டு, தொர ஊருல இல்லாத நேரம் பயந்துபோயி சரக்கப் பூராத்தயும் எங்கிட்டோ பொதச்சிட்டாராம். அடுத்த வாரமே காய்ச்சல்ல செத்துப்போனாரு. தொர தோட்டத்தயே கிண்டிப் பாத்தாருன்னு எங்கப்பாரு சொல்லிச் சிரிப்பாரு."

நானும் சிரித்தேன்.

மே 12, திங்கள்

மாத்திரை போட்டேன். இங்கே கிடைக்கிற காபித் தூள் சரியில்லை. ஒரே கசப்பு. சிக்கரி கூடிவிட்டது என்கிறாள் தமயந்தி.

மே 13, செவ்வாய்

வாயில் இன்னும் காசுச் சுவை.

மே 14, புதன்

இன்னும் எட்டு நாள்.

(இதன் கீழே சிவப்பு மையில் தமயந்தி எழுதியிருக்கிறாள்: "பத்து நாள். 24ஆம் தேதிதானே கிளம்புகிறோம்." சரிதான். கணக்குத் தப்பிவிட்டது. பத்து நாள்.)

மே 15, வியாழன்

மானாமதுரையில் இன்று பெரியக்காள் வீட்டுப் புதுமனை புகுவிழா. தமயந்தியின் அக்காள். என்னைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டாளாம். இந்த வீட்டில் குளியலறை ஜன்னல் பக்கம் மட்டும்தான் சிக்னல் வரும். ஸ்டூலில் ஏறி நின்று கைப்பேசியில் விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். வெளியே வந்தபோது கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. மலைக்குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. சளி பிடித்திருக்கிறது.

மே 18, ஞாயிறு

தமயந்தி கருவியைக் கேட்டு வாங்கினாள். 25ஆம் கட்டத்தில் ஒரு மணி நேரம் துழாவி, குதிரைக் கழுத்தில் கட்டுகிற சின்ன வெண்கல மணி ஒன்றை எடுத்தாள். நாக்கு இல்லாத மணி. மண்ணோடு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நாற்பத்தொன்பது வயதில் அவள் ஓடி நான் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

"அடுத்து முப்பத்தொன்னப் பாத்துரலாமா? நாற்பதுல அது மட்டும்தான் அரைகொறையா நிக்கிது" என்றாள்.

"வேணாம்னு சொன்னேன்ல."

"பாம்பு இத்தன நாளா அங்கயே படுத்தா கெடக்கும்?"

"வேணாம்னா வேணாம். சொன்னாக் கேக்க மாட்டியா நீ?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன. அவள் கருவியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். பாம்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது, அதனால்தான் சொன்னேன்.

மே 20, செவ்வாய்

அண்ணன் பேத்திக்கு நாளை காதுகுத்து. காலையில் கீழே இறங்குகிறார். வெள்ளிக்கிழமைதான் வருவார். மாத்திரை போட்டேன். கை நடுக்கம் அறவே இல்லை. ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மே 22, வியாழன். திண்டுக்கல், அரசு மருத்துவமனை

நேற்று எழுதவில்லை. இனி எழுதுவதற்குக் கையெழுத்து கிடைக்குமா என்று தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டாம் தேதி 31ஆம் கட்டத்தில் தகரம் கிடைத்தது உண்மை. அது ஒரு டிரங்குப் பெட்டியின் மூடி. கால் மீட்டர் ஆழம். பெட்டிக்குள் வைக்கோல் உறை போட்ட ஏழு பாட்டில்கள். கழுத்தில் ஈயத் தாள் சுற்றி அரக்கு வைத்தவை. ஒன்றும் கசியவில்லை. பெட்டியை எடுக்காமல், மேலே லாயத்துக் கூரைத் தகரம் ஒன்றைப் போட்டு, மண்ணும் சருகும் தூவி மூடினேன்.

ஒன்பதாம் தேதியிலிருந்து மாத்திரையை விழுங்கவில்லை. மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் நாக்கைத் தூக்கினாலும் தெரியாது. பிறகு குளியலறை ஜன்னலுக்கு வெளியே இருந்த பூந்தொட்டி மண்ணில் புதைத்தேன். இரண்டு வாரம் என்றார் டாக்டர். பதின்மூன்று நாள் போதும் என்று நானே தீர்மானித்தேன். நான் எண்ணிக்கொண்டிருந்தது இன்றைய தேதியை. இருபத்திரண்டு. அண்ணன் இருக்க மாட்டார். தமயந்தி மதியம் ஒரு மணி நேரம் தூங்குவாள்.

நேற்றுக் காலை பத்து மணி இருக்கும். நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கொண்டுபோகப் பட்டர் ஃப்ரூட் பறிக்கலாம் என்று தமயந்தி தொரட்டியை எடுத்துக்கொண்டு லாயத்துப் பக்கம் போயிருக்கிறாள். என்னிடம் சொன்னால் கத்துவேன் என்று சொல்லாமல் போனாள்.

முதலில் தகரம் முறிகிற சத்தம். பிறகு கண்ணாடி. பிறகு அவள் குரல். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இருபத்தாறு வருடத்தில் அவள் என் பெயரைச் சொன்னதில்லை.

துண்டோடு ஓடினேன். இடது கால் முழங்கால் வரை தகரத்துக்குள் போயிருந்தது. தகரத்தின் விளிம்பு கெண்டைக்காலைக் கிழித்திருந்தது. உடைந்த பாட்டில் பாதத்துக்கு மேலே ஏறியிருந்தது. தகரத்தைப் பிரித்து, காலை வெளியே எடுத்து, துண்டைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினேன். பெட்டிக்குள் மூன்று பாட்டில்கள் உடைந்திருந்தன. அந்த வாசனை. நான் முழங்காலிட்டிருந்த மண் நனைந்திருந்தது. என் கைகள் இரண்டும் முழங்கை வரை அதில் நனைந்திருந்தன. அவள் புடவையும்.

அவள் குழிக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கழுத்துச் சங்கிலியைத் தலைவழியே கழற்றி, சாவியோடு என் கையில் வைத்தாள்.

"வந்துருவீங்கள்ல?" என்றாள்.

குளியலறை ஸ்டூலில் ஏறி 108க்கு முயன்றேன். மூன்று முறையும் கிடைக்கவில்லை. வேட்டியைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து ஓடினேன். இருபது நாளாக அந்தக் கதவுக்கு வெளியே போவதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே இருந்த பாதை எப்படி இருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

ரோட்டில் வாழைத்தார் ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. கையை விரித்துக் குறுக்கே நின்றேன். ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, மூக்கைச் சுளித்தார். "காலைலயே போட்டாச்சா?" என்றார். காலைப் பிடித்துக்கொள்கிறேன், என் சம்சாரம் ரத்தம் போய்க் கிடக்கிறாள் என்றேன். தார்களைப் பாதி இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு வந்தார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஜீப்பில் அவள் தலை என் மடியில். மூன்றாவது வளைவுக்குள் எனக்கு என்னவோ ஆனது. முகமும் கழுத்தும் நெருப்புப் பட்டதுபோல எரிந்தன. நெஞ்சு காதுக்குள் அடித்தது. குமட்டியது. ஓடி வந்ததால்தான் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கண்ணை மூடவே இல்லை. என் சட்டையில்லாத நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடியே வந்தாள்.

இருபத்து நான்கு தையல். ஒரு தசைநார் அறுந்திருக்கிறது. டியூட்டி டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "எவ்வளவு குடிச்சிருக்கீங்க?" என்றார்.

"நான் குடிக்கல டாக்டர்."

அவர் என் சிவந்த முகத்தைப் பார்த்தார். கையை முகர்ந்தார். ஏதோ எழுதிக்கொண்டார். நர்ஸ் என்னை வார்டுக்கு வெளியே உட்காரச் சொன்னாள். எத்தனையோ முறை குடித்துவிட்டு இல்லை என்று சாதித்திருக்கிறேன். நம்பியவர்கள் உண்டு. நேற்று ஒருவர்கூட நம்பவில்லை.

மே 23, வெள்ளி

காலையில் உள்ளே விட்டார்கள். தமயந்தி தலையணையில் சாய்ந்திருந்தாள். கால் கட்டு ஸ்டாண்டில்.

"எத்தன மொடக்குக் குடிச்சீங்க?" என்றாள்.

"குடிக்கல. தமயந்தி, நெசமாக் குடிக்கல. கைல பட்டதுதான்."

"பின்ன மொகம் ஏன் அப்பிடிச் செவந்துச்சு?"

"ஓடி வந்தது."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால், எழுதி வைத்திருந்ததை வாயாலும் சொன்னேன். பெட்டி, பதின்மூன்று நாள் கணக்கு, பூந்தொட்டி. "ஒம்பதாந் தேதியோட நிறுத்திட்டேன். மாத்திர இப்ப என் ஒடம்புல இல்ல."

"இருக்கு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பத்தாந் தேதி தொட்டிக்குத் தண்ணி ஊத்துனேன். மண்ணுல வெள்ளையா ரெண்டு கெடந்துச்சு." அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். "மொறச்சுக் கேட்டிருந்தா இல்லேன்னுதான் சொல்லுவீங்க. டாக்டருக்குப் போன் போட்டா திரும்ப மையத்துல கொண்டாந்து விடுங்கம்பாரு. அன்னைலருந்து இன்னொரு மாத்திரைய நுணுக்கிக் காபில கலந்து குடுத்துட்டிருந்தேன். தெனமும்."

கசந்த காபி. வாயை விட்டுப் போகாத காசுச் சுவை. கையில் பட்டதற்கே எரிந்த முகம்.

வார்டில் யாருடைய குழந்தையோ அழுதுகொண்டிருந்தது. நான் கணக்குப் போட்டேன். கணக்கு ஒன்றுதான் எனக்கு வரும். இருபத்திரண்டாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு, உடம்பு சுத்தமாகிவிட்டது என்று நம்பி, நான் ஒரு முழுப் பாட்டிலைத் திறந்திருப்பேன். ஒரு மடக்கோடு நிறுத்துகிறவன் நான் இல்லை. லாயத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்திருப்பேன். அவள் தூங்கி எழுந்து வந்து பார்த்திருப்பாள். கொன்றது யார் என்று ஆயுசு முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவளும் அதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். "நான் உங்களக் கொல்லப் பாத்துருக்கேன்" என்றாள்.

"நீ இல்ல."

"பாட்டில் இருக்குன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஜீப்புல உங்க மொகத்தப் பாத்ததும் குடிச்சுட்டீங்கன்னு நெனச்சேன். திண்டுக்கல் வாரதுக்குள்ள செத்துருவீங்கன்னு நெனச்சேன். கால் வலிக்கவே இல்ல எனக்கு. துடிக்குதா துடிக்குதான்னு நெஞ்சயே தொட்டுப் பாத்துக்கிட்டு வந்தேன்."

அவள் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டாள். சிறிது நேரம் கழித்து மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"பூட்டு உங்களுக்கு மட்டும் போட்டதுன்னு நெனச்சீங்க" என்றாள் கூரையைப் பார்த்து. "நானும் உள்ளதான் இருந்தேன். சாவி எங்கிட்ட இருந்ததால யாருக்கும் தெரியல."

மே 25, ஞாயிறு

சின்னமாயன் அண்ணன் போன் செய்தார். குழியைப் பார்த்திருக்கிறார். "நாலு முழுசா இருக்கு சார். என்ன செய்யட்டும்?"

ஒடச்சு ஊத்திருங்க என்று சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆனது என்பதை அண்ணன் கவனித்திருப்பார். சொன்னேன். "சரி சார்" என்றார். "பாத்து ஒடைக்கிறேன்."

உடைத்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளப் போவதில்லை.

மே 28, புதன்

வீட்டுக்கு வந்தோம். மதியம் பெரியக்காளும் அவர் மகனும் காரில் வந்தார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்பதால் மானாமதுரைக்கு அழைத்துப் போகிறார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெரியக்காள் என்னைப் பார்க்காமல் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

தமயந்திதான் சொன்னாள். "நான் போயிட்டு வர்றேங்க. ஆறு வாரம் எந்திரிச்சதும் யார் மொகத்தயும் பாத்து, இன்னைக்கு எப்பிடின்னு எடை போடாம இருக்கணும்."

சரி என்றேன். அதை விட அதிகமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

காரில் ஏற்றிவிட்டபோது மாத்திரை அட்டையை என்னிடம் கொடுத்தாள். "டாக்டர்ட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். காபில போட்டதும் சொன்னேன். நல்லாத் திட்டுனாரு. இனி நீங்களாப் போடுறதுன்னா போடுங்க. யாருக்கும் வாயத் திறந்து காட்ட வேணாம்."

நோட்டை நீட்டினேன். இருபத்திரண்டாம் தேதியிலிருந்து எழுதிய பக்கங்கள் கையெழுத்தில்லாமல் இருந்தன. அவள் வாங்கவில்லை.

மே 29, வியாழன்

மாத்திரை போட்டேன். போட்டேன் என்றால் விழுங்கினேன்.

மே 30, வெள்ளி

போட்டேன். சோறு குழைந்துவிட்டது.

மே 31, சனி

இன்று போடவில்லை. காலையில் அட்டையைக் கையில் எடுத்தேன். பக்கத்துத் தெருவில் ஏதோ கல்யாண வீட்டு மேளம். அட்டையை மேசையில் வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன். எங்கள் தெருமுனையிலிருந்து டாஸ்மாக் கடைக்கு நானூற்று முப்பது மீட்டர். என்னை யாரும் தடுக்கவில்லை. கதவு திறந்து கிடந்தது. மலையில் பூட்டுக்குள் இருந்தபோது இவ்வளவு மூச்சு முட்டவில்லை. மறுபடி உள்ளே வந்தேன். மறுபடி வாசலுக்குப் போனேன். மதியம் வரை இதே வேலை. சாப்பிடவில்லை.

நான்கு மணிக்கு தமயந்தி போன் செய்தாள்.

"சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று சொல்ல வாயெடுத்து, "இல்ல" என்றேன்.

"ஏன்?"

"தோணல. கால் எப்பிடி இருக்கு?"

"பரவால்ல. வீக்கம் வடிஞ்சிருக்கு." பின்னால் அவள் அக்காள் வீட்டில் குக்கர் விசிலடித்தது. மாத்திரையைப் பற்றி அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

"இன்னைக்கு மாத்திர போடல தமயந்தி" என்றேன். "காலைலருந்து வாசல்ல நிக்கிறேன்."

திட்டுவாள், அழுவாள், போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. போடுங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ ஒரு வார்த்தை இல்லை. ஆனால் போனை வைக்கவுமில்லை.

கைப்பேசியைக் காதோடு பிடித்துக்கொண்டே உள்ளே நடந்தேன். அட்டை மேசையில் இருந்தது.

"இரு" என்றேன். "தண்ணி எடுத்துட்டு வர்றேன்."